தோன்றா எழுவாய்

செல்வநாயகி டீச்சர் இறந்துபோன செய்தி எனக்குக் கைபேசியில் வந்தது. நம் பள்ளியில் ஒன்றாக வேலை பார்த்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் விடிந்ததுமே யாரோ போட்டிருந்தார்கள். நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்ப்பதற்குள் கும்பிடும் கைகளும் எரியும் விளக்குகளும் வரிசையாக வந்து நின்றுவிட்டன. அவற்றுக்கு நடுவே ஒருவர் மட்டும் சொற்களால் எழுதியிருந்தார். "தாளாளரே நேரில் வந்தாலும் எழுந்து நிற்காத தன்மானம் மிக்கவர்." அதன் கீழே பலர் கைதட்டியிருந்தார்கள்.

எழுதியவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் பாராட்டாகத்தான் எழுதினார். ஆனால் அந்தப் பாராட்டு ஒரு பொய்யிலிருந்து முளைத்தது. செல்வநாயகி டீச்சர் எல்லோருக்கும் எழுந்து நிற்கிற ஆள். தண்ணீர்க் கேன் போட வருகிறவருக்கும் எழுந்து நின்று "வாங்க" சொல்கிற ஆள். அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிந்ததாக நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காகவும்.

கொடுமுடிப் பக்கம் மஞ்சள் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்த மணியண்ணனைக் கட்டிக்கொண்டு கோவைக்கு வந்தார். பள்ளியில் அவர் உயிரியல், நான் தமிழ். ஆசிரியர் அறையில் அடுத்தடுத்த மேசை. தசையைப் பற்றிப் பாடம் நடத்தும் நாளில் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, ஒரு கையால் புத்தகப் பையைத் தூக்கச் சொல்லி, மறு கையால் புஜத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். "தசைக்குத் தெரிஞ்சது ஒரே வேலைதான் கண்ணு, சுருங்கறது. மத்ததெல்லாம் நாம சொல்ற கதை" என்பார். அடுத்த வகுப்பில் நின்று நான் கேட்டிருக்கிறேன். அந்தக் கதைகளில் ஒன்றை நானே சொல்வேன் என்று அப்போது தெரியாது.

கரும்பலகையில் அவருடைய எழுத்து கீழே இறங்கத் தொடங்கியதுதான் முதல் அடையாளம். பாடத்தின் தலைப்பைப் பலகையின் உச்சியில் எழுதிக் கோடு போடுவது அவர் வழக்கம். அது மெல்ல நடுவுக்கு வந்தது. பிறகு பலகையின் கீழ்ப்பாதியிலேயே முழுப்பாடமும் நடந்தது. கடைசி வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று எழுதினார்கள். "ஏனுங் டீச்சர், போர்டுல மேல்பாதிய வாடகைக்கு உட்டுட்டீங்களா?" என்று கேட்டேன். அவரும் சிரித்தார். ஆசிரியர் அறையே சிரித்தது.

விரல் மூட்டுகளின் மேல் சிவப்புத் திட்டுகள் வந்தன. சாக்பீஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்களே முடிவு செய்து, தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னோம். கண்ணிமைகள் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறின. இந்த வயதில் என்ன மை போடுகிறீர்கள் என்று ஒருவர் கேலி செய்தார். இருபது பேர் படித்தவர்கள், அதில் நான்கு பேர் அறிவியல் படித்தவர்கள், தினமும் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அந்த நாற்காலி. எங்கள் அறையில் கைவைத்த நாற்காலி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பழைய தலைமையாசிரியரின் அறையிலிருந்து வந்தது. மற்றவை எல்லாம் கையில்லாத பிளாஸ்டிக் நாற்காலிகள். செல்வநாயகி டீச்சர் எல்லோருக்கும் முன்னால் வந்து கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தார். வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் நின்று, "கொஞ்சம் மாறிக்கறீங்களா?" என்று கேட்டார். தலைமையாசிரியர் பதவிக்கு ஒத்திகை நடக்கிறது என்று பேச்சு கிளம்பியது. இரண்டு கைகளையும் ஊன்றித் தள்ளினால்தான் அவரால் எழ முடியும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. அவரும் சொல்லவில்லை. வயதாகிறது, உடம்பு கனத்துவிட்டது, நடந்தால் சரியாகும் என்று அவரே நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆண்டு விழா நாளுக்கு வருகிறேன். மைதானத்தில் ஆசிரியர்களுக்கு மரப்பெஞ்சு போட்டிருந்தார்கள். குட்டையான பெஞ்சு, பிடிக்க எதுவும் இல்லாதது. நானும் டீச்சரும் பக்கத்தில் பக்கத்தில். தாளாளர் விருந்தினரோடு வந்தார். எல்லோரும் எழுந்தோம். டீச்சர் மட்டும் உட்கார்ந்தபடியே கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து, "எந்திரிங்க டீச்சர், எல்லாரும் பாக்கறாங்க" என்றேன். அவர் சிரிப்பை மாற்றாமல், உதடு மட்டும் அசைய, "எந்திரிக்க மாட்டீங்குதுங்க" என்றார். மறுபடி சொன்னேன். மறுபடியும் அதையே சொன்னார். தாளாளர் எங்கள் வரிசையில் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் தலைமையாசிரியர் அம்மா ஆசிரியர்கள் சார்பில் நடந்ததை எழுதித் தரச் சொன்னார். ஆசிரியர் மன்றச் செயலாளர் என்பதால் அது என் வேலையாயிற்று. பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்குவது எனக்குப் பழகிய வேலை. "அருகிலிருந்தோர் பலமுறை கேட்டுக்கொண்டும் எழ மறுத்தார்" என்று எழுதினேன். எழுதியவர் பெயர் இல்லை. அனைவரும் கையெழுத்திட்டார்கள். நானும் நடுவில் எங்கோ போட்டேன்.

தமிழ் படித்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டாம். ஆறாம் வகுப்பில் நானே நடத்துகிற பாடம் இது. "வந்தான்" என்று மட்டும் சொன்னால், வந்தது யார் என்ற சொல் வெளியே இல்லை. ஆனாலும் வினையின் விகுதி காட்டிக்கொடுக்கும், அவன் என்று. இதைத் தோன்றா எழுவாய் என்கிறோம். "எந்திரிக்க மாட்டேன்" என்றால் எழுவாய் நான். "எந்திரிக்க மாட்டீங்குது" என்றால் எழுவாய் அது. கதவு திறக்க மாட்டீங்குது என்கிறோம். வண்டி கிளம்ப மாட்டீங்குது என்கிறோம். கதவுக்கும் வண்டிக்கும் திமிர் என்று யாரும் புகார் எழுதுவதில்லை. டீச்சர் தன் கால்களைப் பற்றிச் சொன்னார். நான் டீச்சரைப் பற்றி எழுதினேன்.

விளக்கம் கேட்டு அவருக்குக் குறிப்பாணை வந்தது. எங்கள் கடிதத்தின் நகலையும் அதோடு இணைத்திருந்தார்கள். அவர் உடம்பு சரியில்லை என்று பதில் எழுதினார். சான்று கேட்டார்கள். பக்கத்து மருத்துவர் முழங்காலைத் தட்டிப் பார்த்து, சத்து மாத்திரை கொடுத்து, பெரிதாக ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார். அந்தச் சீட்டு அவருக்கு எதிராகவே போயிற்று. பத்தாம் வகுப்பை அவரிடமிருந்து எடுத்து, இரண்டாம் மாடியில் ஆறாம் வகுப்பைக் கொடுத்தார்கள். கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக ஏறுவார். மேலே போவதற்குள் பாதி வகுப்பு முடிந்திருக்கும். தாமதத்துக்கு இன்னொரு குறிப்பாணை, அதற்கு இன்னொரு பதில். இப்படி ஏழெட்டு மாதம். ஒரு நாள் மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்தவர் எழவில்லை. துப்புரவு வேலை செய்யும் அம்மாவும் நானும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினோம். அந்தக் கால்களில் எதிர்ப்பும் இல்லை, பலமும் இல்லை. நனைந்த ஜமக்காளத்தைத் தூக்குவது போல் இருந்தது. அப்போதுதான் எனக்கு என் வாக்கியம் நினைவுக்கு வந்தது.

பெரிய மருத்துவமனைக்கு மணியண்ணன் அழைத்துப் போனபோது நானும் கூடப் போனேன். அங்கிருந்த மருத்துவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. தலையை நீங்களே வாரிக்கொள்கிறீர்களா என்று கேட்டார். "இவருதான் வாரி உடறாருங்க" என்றார் டீச்சர். ஐந்து மாதமாக லேத் பிடிக்கிற கை சடை பின்னியிருக்கிறது. எனக்குத் தெரியாது. மருத்துவர் விரல் மூட்டுகளையும் கண்ணிமைகளையும் பார்த்துவிட்டு நோயின் பெயரைச் சொன்னார். டெர்மடோமயோசைட்டிஸ். தோலையும் தசையையும் சேர்த்துத் தாக்கும் அழற்சி. ரத்தப் பரிசோதனையும், தொடையில் கடுகளவு சதை எடுத்துப் பார்த்ததும் அதையே உறுதி செய்தன. இவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே, இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அவர் கேட்டார். மணியண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பதில் எழுதிட்டு இருந்தமுங்க."

டீச்சர் விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டார். பணிப்பதிவேட்டோடு அந்தக் கடிதமும் இருந்தது. ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் நிலாப் போல வீங்கிவிட்டது. பார்க்க வந்தவர்கள், "பரவாயில்லீங்க, நல்லாத் தெளிஞ்சுட்டீங்க" என்று மகிழ்ந்து போனார்கள். நான் போய்ப் பார்த்த நாளில் அவர் கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மணியண்ணன் பட்டறையில் செய்தது. கால்களை ஒரு சாண் உயர்த்திப் பற்றவைத்திருந்தார். "இப்ப எனக்குன்னே ஒரு எச்.எம். சேருங்க" என்றார் டீச்சர்.

என்ன நோய் இது என்று கேட்டேன். பாடம் நடத்தக் கிடைத்த வாய்ப்பை அவர் விடவில்லை. கணபதியில் அவர்கள் தெருவில் முன்பு ஒருநாள் நடந்ததை எடுத்துக்காட்டாகச் சொன்னார். ஒரு பட்டறையில் யாரோ "வந்துருச்சு" என்று கத்தியிருக்கிறார்கள். அடுத்த பட்டறைக்காரரும் "வந்துருச்சு, வந்துருச்சு" என்று கத்தினார். பாம்பு என்று நினைத்துத் தெரு முழுவதும் இரும்புக் கம்பியோடு இறங்கிவிட்டது. சாக்கடை மூடியை உடைத்தார்கள். செடிகளை அடித்தார்கள். "பாம்பு இல்லீங்க. எங்க ஊட்டுத் தண்ணிக் குழாய இவரே ஒடச்சுப்போட்டாரு" என்று, பட்டறைக்குக் கிளம்பிப் படியிறங்கிய கணவரைக் காட்டினார். முதலில் கத்தினவர் மூன்று நாளாக வராத மின்சாரம் வந்ததைத்தான் சொன்னாராம்.

உடம்பிலும் அப்படித்தான் என்றார். வைரஸ் நுழைந்தால் ஒரு செல் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே விடும். அது ஒரு கூப்பாடு. பக்கத்துச் செல்லின் மேற்பரப்பில் அதைக் கேட்பதற்கென்றே ஏற்பிகள் இருக்கின்றன. கேட்டதும் உள்ளே இருக்கும் வேறு புரதங்கள் அந்தச் சேதியைக் கைமாற்றிக் கைமாற்றி உட்கருவரை கொண்டுபோகும். செல் சண்டைக்குத் தயாராகும். வைரஸ் போனதும் கூப்பாடு அடங்க வேண்டும். அவர் உடம்பில் அடங்கவில்லை. வைரஸ் எதுவும் அகப்படவும் இல்லை. சேதி மட்டும் தசைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. காக்க வந்தவை வீட்டுக்காரனையே அடித்தன.

"வந்துருச்சு, வந்துருச்சுங்குது. வந்தது எது? உங்க பாசையில சொன்னா எழுவாயே இல்லீங்க டீச்சர்" என்றார். பிறகு, குரலை உயர்த்தாமல் சொன்னார். "நீங்க எழுதுன கடுதாசியும் அப்படித்தானுங்க. ஒருத்தர் சொல்லி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, மேல போய், மாடிக்குத் தொரத்தி. உள்ள பாம்பே இல்ல."

நான் எழுதியது அவருக்குத் தெரியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. யார் சொன்னார்கள் என்று கேட்டுவிட்டேன்.

"யாரு சொல்லோணும்? அத்தனை சுத்தமான தமிழு நம்ம பள்ளிக்கோடத்துல வேற யாருக்குங்க வருது?"

மன்னிப்புக் கேட்டேன். கையை அசைத்து நிறுத்தினார். "மன்னிப்பெல்லாம் வேண்டாமுங்க. பையன் தப்பா எழுதுனா மன்னிக்கறமா? திருத்தறமல்ல. அதத் திருத்திப்போடுங்க. நான் மறுக்கலைன்னு அந்த ஃபைல்ல ஒரு வரி இருந்தாப் போதும்." அவர் என்னிடம் கேட்டது வாழ்நாளில் அது ஒன்றுதான்.

பள்ளிக்குப் போனேன். நானும் ஓய்வு பெற்றிருந்த நேரம். தலைமையாசிரியர் மாறியிருந்தார். ஓய்வு பெற்றவரின் கோப்பில் இனி எதையும் சேர்க்க வழியில்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தால் வாங்கி வைக்கலாம், ஆனால் கையெழுத்திட்ட எல்லோரும் மறுபடி கையெழுத்திட வேண்டும் என்றார்கள். இரண்டு பேரைக் கேட்டேன். பழசையெல்லாம் எதற்குக் கிளறுகிறீர்கள் என்றார்கள். என் ஒருத்தியின் பெயரில் எழுதிக் கொடுத்திருக்கலாம். யாரும் தடுக்கவில்லை. எழுத உட்கார்ந்தால், எழுதியவள் நான்தான் என்று முதல் வரியிலேயே சொல்ல வேண்டியிருந்தது. எழுந்துவிட்டேன். எனக்கு எழுவது சுலபமாக இருந்தது.

அடுத்த முறை பார்த்தபோது டீச்சர் கேட்டார். "எழுதிக் கொடுத்தாச்சுங்க" என்றேன். அவர் என்னையே பார்த்தார்.

"யாரு கொடுத்தது?"

நான் காபி ஆறுகிறது என்றேன். அவர் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

இடையில் ஒரு நல்ல காலமும் வந்தது. புதிதாக ஒரு மாத்திரை கொடுத்தார்கள். கூப்பாட்டை அது நிறுத்தாது. செல்லுக்குள் சேதியைக் கைமாற்றும் புரதத்தின் கையைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த கைக்குச் சேதி போகாது. "கையெழுத்துப் போட மாட்டேன்னு ஒருத்தர் சொன்னாப் போதுமுங்க, கடுதாசி அங்கயே நின்னுபோகும்" என்று டீச்சர் அதை விளக்கினார். யாரைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. ஒரு காலையில் தொலைபேசியில் கூப்பிட்டார். "டீச்சர், மேல் பலகையிலிருந்து புளி டப்பாவ நானே எடுத்துப்போட்டேனுங்க." அந்தக் குரலை எழுத எனக்குத் தெரியவில்லை. அன்று மத்தியானம் போனேன். சமையலறைச் சுவரில், தன் தலைக்கு மேல் கை எட்டும் உயரத்தில், பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். வகுப்பில் கரும்பலகையின் உச்சியில் போடுவாரே, அதே கோடு.

ஆனால் அதற்கு முன்பே நோய் நுரையீரலுக்குப் போயிருந்தது. தசை மீளும், தழும்பு விழுந்த நுரையீரல் மீளாது என்றார் மருத்துவர். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று நான் ஆரம்பித்தேன். அதை இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அது ஆறுதல் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கடைசி மழைக்காலத்தில் ஒரு சளிக் காய்ச்சல் வந்தது. இந்த முறை உண்மையாகவே ஒரு கிருமி உள்ளே வந்திருந்தது. அதை எதிர்க்க உடம்பில் எதுவும் மிச்சமில்லை.

கணபதி வீட்டுக்கு நான் போனபோது கூடம் நிறைந்திருந்தது. சாவு வீட்டில் வருகிறவரை யாரும் "வாங்க" என்பதில்லை, யாரும் எழுவதும் இல்லை. பழைய தாளாளரும் வந்திருந்தார். எவரும் எழவில்லை. எவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. உயர்த்திப் பற்றவைத்த அந்த நாற்காலியைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். அதில் யாரோ மாலைகளைப் போட்டு வைத்திருந்தார்கள்.

கொடுமுடியில் காவிரியில் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்த பிறகு மணியண்ணன் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். "அம்மணி உங்ககிட்டத்தான் குடுக்கோணும்னு சொல்லிப்போட்டுப் போச்சுங்க" என்றார். என்ன என்று அவர் படித்துப் பார்க்கவில்லை. படித்திருந்தால் எனக்கு அந்த வீட்டில் காபி கிடைத்திருக்காது.

அந்தக் கடிதத்தின் நகல் அது. குறிப்பாணையோடு அவருக்கு வந்தது. என் தமிழ், சந்திப்பிழைகூட இல்லாத தமிழ். "எழ மறுத்தார்" என்பதன் கீழே சிவப்பு மையில் கோடு. ஓரத்தில், விடைத்தாள் திருத்தும் அதே கையெழுத்தில், ஆனால் எழுத்துகள் நடுங்க, "எழுவாய்?" என்று ஒரு சொல். மதிப்பெண் போடவில்லை. விடை எழுத இடம் விட்டிருந்தார்.

அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது இந்தத் தாள்தான். குழுவில் கைதட்டியவர்களுக்கும், அன்று என்னோடு கையெழுத்திட்டவர்களுக்கும், அவரிடம் படித்தவர்களுக்கும் தெரியும்படி, அவர் விட்டுவைத்த இடத்தில் விடையை எழுதுகிறேன்.

செல்வநாயகி டீச்சர் எழ மறுக்கவில்லை. அவருடைய கால்கள் எழவில்லை. அதை அவர் அப்போதே, இரண்டு முறை, சரியான தமிழில் சொன்னார். திருத்தம் எழுதிக் கொடுத்தாச்சு என்று அவரிடம் சொன்னதும் பொய். யாரும் கொடுக்கவில்லை. கடிதத்தை எழுதியது, இருபது கையெழுத்துகளுக்கு நடுவே இத்தனை காலம் தோன்றாமல் இருந்தது, நான்.